வேலிக்கு அந்தப் பக்கம் புல் இருக்கு... போக வழி இல்லை!

உலகில் மிஞ்சியிருக்கும் 'குலான்' என்ற காட்டுக் கழுதைகளில் பெரும்பகுதி மங்கோலியாவின் கோபி பகுதியில்தான் வாழ்கிறது. ஆனால் அங்கே ஒரு ரயில் பாதைக்குக் கிழக்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவை கண்ணில் படவே இல்லை. காரணம், வேலி.

ஏன் அலைகின்றன?

புல்வெளியில் மழை ஒரு பக்கம் பெய்யும், இன்னொரு பக்கம் பொய்க்கும். இந்த வருஷம் பச்சையாக இருந்த இடம் அடுத்த வருஷம் காய்ந்து கிடக்கும். அதனால் குலான்களும் மங்கோலிய கெஸல் மான்களும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்கின்றன. யானை வழித்தடம் போல இவற்றுக்கு நிலையான பாதை கிடையாது. குளிர்காலத்தில் பனி இறுகிப் புல்லை மூடிவிட்டால், உயிர் பிழைக்க ஒரே வழி இடம் மாறுவதுதான். வேலியில் முட்டி நின்றால் பட்டினிதான்.

வேலி எதற்கு?

உலான்பாத்தரிலிருந்து சீன எல்லைக்குச் செல்லும் பாதை 1950-களில் போடப்பட்டது. ஆடு, மாடு, குதிரைகள் ரயிலில் அடிபடக் கூடாது என்று இருபுறமும் முள்கம்பி வேலி. நியாயமான கவலைதான். மேய்ப்பருக்கு ஒரு குதிரை போனாலும் நஷ்டம்தானே.

திறந்தால் என்ன ஆகும்?

சோதனைக்காகச் சில இடங்களில் வேலி அகற்றப்பட்டது. 2020-ல் குலான்கள் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போயின. 65 ஆண்டுகளில் இதுவே முதல்முறை!

இப்போது என்ன அவசரம்?

கோபியில் புதிய பாதைகள் வந்துகொண்டிருக்கின்றன. தவான் தொல்கோய் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து சீன எல்லைக்கு 233 கி.மீ. ரயில் பாதை 2022-ல் திறக்கப்பட்டது. நிலக்கரி ஏற்றுமதி அந்த நாட்டுக்கு முக்கிய வருமானம்; ரயிலே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லா இடத்திலும் வேலி வேண்டுமா?

சாலை, ரயில் பாதைகளில் விலங்குகள் கடக்கும் வழி எப்படி அமைய வேண்டும் என்று 2015-லேயே மங்கோலியா தேசியத் தரநிலை வகுத்துவிட்டது. அது தாளோடு நின்றுவிடக் கூடாது. மந்தைகள் அதிகம் மேயும் இடங்களில் வேலி இருக்கட்டும். ஆளரவமற்ற நீண்ட வெளிகளில் இடைவெளி விட வேண்டும். இதைத் திட்டம் போடும்போதே செய்துவிட்டால் செலவு குறைவு. பாதை போட்டபின் திருத்துவதுதான் கஷ்டம்.

தேசியப் பூங்கா அறிவித்தால் மட்டும் போதாது. புல் தேடி நடக்கும் விலங்குக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. அதற்குத் தேவை, திறந்த வழி.