பேட்டா போதுமா?

ஆசிரியருக்கு,

சினிமா கனவோடு சென்னை வரும் இளைஞர்களுக்குப் பொறுமைதான் முதலீடு என்று சென்ற இதழ்க் கட்டுரை முடித்திருந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பொறுமைசாலிக்கும் மாதம் பிறந்தால் வாடகை உண்டே!

சாலிகிராமத்தில் எங்கள் வீட்டு மாடியில் உதவி இயக்குநர்கள் சிலர் குடியிருக்கிறார்கள். ஷூட்டிங் நாளில் பேட்டா எனும் தினப்படி வரும். கதை விவாதம் நடக்கும் மாதங்களிலோ டீயும் டிபனும்தான். ‘படம் முடியட்டும், மொத்தமா செட்டில் பண்ணிடலாம்’ என்பார்கள் தயாரிப்பாளர்கள். ஒரு படம் பாதியில் நின்றபோது, அதில் கிளாப் அடித்த பையன் ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பணத்தில் வாடகை கொடுத்தான். அவனுடைய சொந்தக் கதை பைண்ட் செய்து தயாராக இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

இவனைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்ததும் உண்டு: ‘நாளைய இயக்குநர்’ என்ற தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ 2012-இலும், நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ 2013-இலும் வெளிவந்தன. அதுபோன்ற போட்டிகளைத் தொலைக்காட்சிகள் மீண்டும் நடத்தலாம். அதைவிட அவசரமானது சம்பளம். கதை விவாதத்தின் முதல் நாளிலிருந்தே மாதச் சம்பளத்தை எழுத்தில் ஒப்பந்தமாக்க, தயாரிப்பாளர்களும் இயக்குநர்கள் சங்கமும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, சாலிகிராமம், சென்னை-93