குதிரைகளை ஓட்டி வந்தவர்

இரண்டாம் உலகப் போரின் இறுதி நாட்கள். ஜெர்மனியில் ஒரு பண்ணையில் நாஜி எஸ்.எஸ். அதிகாரிகளின் குதிரைகள் ஏறக்குறைய ஐம்பது நின்றிருந்தன. அமெரிக்கப் படைவீரர் ஒருவர் ஓசைப்படாமல் உள்ளே நுழைந்தார். ஒன்றின்மேல் ஏறிக்கொண்டு மற்றவற்றை விரட்டிச் சென்றார். போகும்போதே தம் குலத்துப் பாட்டையும் பாடினாராம்! அவர்தான் ஜோ மெடிசின் குரோ.

மொன்டானா மாநிலத்தில் குரோ என்னும் பழங்குடியில் 1913-இல் பிறந்தவர். பகைவனைத் தொடுதல், அவன் ஆயுதத்தைப் பறித்தல், படைக்குழுவை நடத்தி வெற்றியோடு திரும்புதல், பகைவரின் குதிரைகளைக் கவர்தல் ஆகிய நான்கையும் செய்தவனே அவர்கள் மரபில் போர்த்தலைவன். கொலை இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கைகலப்பில் ஒரு ஜெர்மானியனின் கழுத்தை நெரித்தபோது, அவன் 'அம்மா' என்று அலறவே, விட்டுவிட்டார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த வீரம் அன்று. போருக்கு முன்பே, 1939-இல், அவர் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தார். அவர் குலத்தில் அதுவே முதல் முறை. ஆய்வுக்கு எடுத்த பொருள், வெள்ளையர் வரவால் தம் மக்களின் வாழ்வு மாறிய விதம். பழங்குடிப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். இத்தனை படிப்புக்கு எந்த நகரத்திலும் வேலை கிடைத்திருக்கும். அவரோ ஊர் திரும்பினார். 1948-இல் குலத்தின் வரலாற்றாசிரியர் ஆனார். முதியோர் வாய்மொழியைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 2009-இல் அமெரிக்காவின் உயரிய விருது அவரைத் தேடி வந்தது. 2016-இல், 102 வயதில் மறைந்தார்.

நான் தலைச்சோலைக்காரன். காஞ்சியிலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பி மூவரின் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன். பெரியண்ணன் நம் சேர்வராயனில் தங்கிவிட்டாராம். அதே கதையைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதியில் கண்டபோது மகிழ்ச்சி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. மலையாளி மக்களின் கதையை எழுத ஒரு வெள்ளைக்காரர் வேண்டியிருந்ததே! பாட்டி இன்று இல்லை. அவர் பாடிய பாட்டுகளில் பாதி எனக்கு நினைவில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையூர்களிலிருந்து வரும் மாணவர்க்கு, அவரவர் ஊர் முதியோரின் வாய்மொழியையே ஆய்வுப் பொருளாகத் தாருங்கள். ஏதோ ஒரு அரசமரபின் ஆண்டுக் கணக்கை நூறாவது முறையாகப் படியெடுப்பதைவிட இது மேல் அல்லவா?

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். நான் நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன். உடன் வர விரும்பும் நண்பர்கள் வரலாம்.

— மூன்றாம் ஆண்டு, வரலாறு