செபமும் அரவணைப்பும்

டீ ரீஸ் சிறு முதலீட்டில் இயக்கிய ‘பரையா’ (2011) என்ற அமெரிக்கத் திரைப்படத்தை, 2022-இல் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. புரூக்ளினில் வாழும் 17 வயது கறுப்பினப் பெண் அலீக்கே, தான் பெண்களை விரும்புவதை வீட்டில் மறைக்கிறாள். உண்மை வெளிப்பட்டதும், ஆலயத்திற்குச் செல்லும் தாயே அவளை அடிக்கிறார். வீட்டைவிட்டு வெளியேறியபின் மகள் தாயிடம் தன் அன்பைச் சொல்கிறாள். உனக்காகச் செபிப்பேன் என்பதே தாயின் பதில்.

படத்தின் பெயர் நம்மைச் சுடுகிறது. தமிழகத்தில் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெயரையே ஆங்கிலம் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொருளில் எடுத்துக்கொண்டது.

திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2358), தன் ஒழுக்கப் போதனையை மாற்றாமலே, இத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது. பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்த நம் செபம் சாக்காகலாமா? சிந்திப்போம்.