தொட்டிலருகே ஒரு கருவி

கைக்குழந்தை உள்ள வீட்டில் இரவு என்பது பெயரளவிற்கே இரவு. தாய் கண்ணை மூடினாலும் அவள் செவி மூடுவதில்லை. அச்செவியின் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் என்று விளம்பரம் செய்யப்படும் 'பேபி மொனிற்றர்' இப்பொழுது நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டிகளிலும் வந்து சேர்கின்றது. அது வேண்டிய பொருளா, வீண்செலவா என்று நம்மை வினவுவோர் உளர். இவ்வாரம் அதனையே ஆராய்வோம்.

இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. 1932ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில், புகழ்பெற்ற விமானி சாள்ஸ் லிண்ட்பேர்க்கின் குழந்தை, பெற்றோர் வீட்டில் இருக்கும்பொழுதே மேல்மாடி அறையிலிருந்து கடத்தப்பட்டுக் கொலையுண்டது. அச்செய்தி பெற்றோர் பலரை நடுங்கச் செய்தது. பின்னர், செனித் வானொலிக் கும்பனியின் தலைவராயிருந்த இயூஜின் மக்டொனால்ட் 'றேடியோ நேர்ஸ்' என்னும் கருவியைச் செய்வித்தார். 1937இல் அதன் உருவத்தை வகுத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. தொட்டிலருகே வைத்த பெட்டி ஒலியை வாங்கும். வீட்டின் மின்கம்பி வழியே அவ்வொலி மற்றோர் அறையிற் கேட்கும். தனியறையிற் பிள்ளை, தொலைவிற் பெற்றோர். இவ்விடைவெளியை நிரப்பவே கருவி பிறந்தது.

ஆகவே, வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி: நம் வீட்டில் அந்த இடைவெளி உண்டா? பெரும்பாலான நம் இல்லங்களிற் குழந்தை பெற்றோரின் அறையிலேயே உறங்குகின்றது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகமும் 2022இல் வெளியிட்ட அறிவுரையில், முதல் 6 மாதமேனும் குழந்தை பெற்றோரின் அறையில், ஆனால் தனிப்படுக்கையில், உறங்குதல் நன்று என்கின்றது. அவ்வாறு உறங்கும் பிள்ளைக்கு இரவில் இக்கருவி எதற்கு? பகற்பொழுது வேறு. மேல்மாடியிற் பிள்ளை உறங்க, கீழே குசினியில் மிக்சி இரைய, துணைக்கு ஒருவருமின்றி வேலை செய்யும் தாய்க்கு ஒலியை மட்டும் கொணரும் எளிய கருவி போதும். செவிப்புலன் குன்றிய தாய்க்கோ, ஒளியாலும் அதிர்வாலும் அழுகையை உணர்த்தும் கருவி ஆடம்பரமாகாது. அவளுக்கு அதுவே செவி.

கொழும்பில் மாடிக் குடியிருப்பொன்றில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் நம்மைக் கண்டார். முதற்பிள்ளை பிறந்து இரண்டு மாதம். காலுறைபோற் பாதத்தில் மாட்டி, நாடித்துடிப்பையும் இரத்தத்திலுள்ள ஒட்சிசனையும் அளக்கும் விலையுயர்ந்த கருவியைப் பற்றி வீட்டில் வழக்கு. "மாமி வேண்டாம் என்கிறா, மனைவி வாங்கத்தான் வேணும் என்கிறா, நான் என்ன செய்ய, சேர்?" என்றார்.

மனைவியின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். நலமாயிருந்த குழந்தை உறக்கத்திற் காரணம் புலப்படாது இறத்தல், அரிதாயினும் உண்மையே. ஆனால் அதனைத் தடுக்கும் வழியாக இத்தகைய வீட்டுக் கருவிகளை நம்ப வேண்டாம் என்பது வைத்தியர் கழகத்தின் அறிவுரை. காரணமின்றி மணி ஒலித்தால் வீடு கலங்கும். ஒலியாதிருந்தால் பொய்யான துணிவு பிறக்கும். பயன் தந்தது வேறொன்று. குழந்தையைக் குப்புறக் கிடத்தலாகாது என்று 1992இல் அக்கழகம் கூறியது. நிமிர்த்திக் கிடத்துமாறு 1994இல் அந்நாடெங்கும் பிரசாரம் எழுந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் இவ்விறப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. செலவோ ஒரு சதமும் இல்லை. உறுதியான சமதளப் படுக்கை, தலையணையும் தடித்த போர்வையும் இல்லாத தொட்டில், புகையிலைப் புகை நுழையாத வீடு, தாய்ப்பால். இவையே மற்றைக் காவல்கள்.

இங்கே மாமியாரும் சிறிது விட்டுக்கொடுத்தல் வேண்டும். ஏணையிற் குழந்தையின் உடல் வளைந்து, மோவாய் நெஞ்சில் அழுந்தக்கூடும். அருகிருந்து ஆட்டுமட்டும் ஏணை. கண்ணயர்ந்தபின் சமதளப் படுக்கை என்று கொள்ளல் தக்கது.

மாணவரிடம் மேலும் விசாரித்தோம். இரவில் ஐந்து முறை எழுபவள் மனைவி ஒருத்தியே என்பது தெரிந்தது. மாமியார் பகலெல்லாம் சமைத்துக் களைத்துவிடுகிறார். கணவர் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர். அவ்வீட்டிற் குறைவாயிருந்தது கருவியா, தாயின் உறக்கமா? பாலூட்டும் வேளை தவிர, அணைத்து ஆற்றுவதும் துணி மாற்றுவதும் தந்தையின் கையாலும் ஆகும். நள்ளிரவு வரையேனும் காவலை அவர் ஏற்கட்டும் என்றோம்.

கருவி வாங்குவோர் சிலவற்றை மறத்தலாகாது. அதன் மின்வடம் தொட்டிலிலிருந்து 3 அடிக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும். கழுத்திற் சுற்றிய வடத்தாற் குழந்தைகள் இறந்ததுண்டு. இணையத்தோடு இணையும் கமரா உள்ளதாயின், கடவுச்சொல்லை உடனே மாற்றுக. அன்றேல் அந்நியர் கண்ணும் தொட்டிலை எட்டும். உறக்கத்திற் குழந்தை முனகுவது இயல்பு. ஒவ்வொரு முனகலுக்கும் ஓடினால் இருவர் உறக்கமும் கெடும்.

குறைமாதத்திற் பிறந்த அல்லது நோயுற்ற குழந்தைக்கு வைத்தியர் ஒரு கருவியை விதித்தால், அங்கே அவர் சொல்லே முடிவு. மற்றையோர், குழந்தையின் குரல் செவிக்கு எட்டாவிடின் எளியதொன்றை வாங்குக. எட்டுமாயின் பணத்தைச் சேமித்து, இரவு வேலையைப் பங்கிட்டுக்கொள்க.