பார்வையற்றவர் தந்த வசந்தம்

மாசியில் பால்மரம் இலை உதிர்த்துச் செந்தளிர் விடும். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு அதுவே வசந்தம். ஜப்பானியருக்கோ, பூந்தோட்டத்தில் செர்ரி மலர்வதே வசந்தம்.

அந்நாட்டு இசைமேதை மியாகி மிச்சியோ (1894–1956) சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். ஆயினும் 1929-இல் ‘வசந்தக் கடல்’ என்ற இசையை அமைத்தார். 13 தந்திகள் கொண்ட கோத்தோ அலையாய் அசைய, மூங்கில் குழல் அதன்மேல் மிதந்து வரும். புத்தாண்டு வந்தால் ஜப்பானில் எங்கும் கேட்கும் இசை இது.

ஈப்போவும் ஜப்பானின் புகுவோகாவும் 1989 முதல் சகோதர நகரங்கள். ஆயினும் ஜப்பான் என்றாலே, சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத உறவுகள்தாம் நம் நினைவில் எழுவர். அதை மறக்க வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போம். ஆனால் பட்டாளம் செய்த பாவத்தை, போருக்கு முன்பே பிறந்த இந்த இசையின்மேல் சுமத்தலாமா? ஒரு மாலை கேட்டுப் பாருங்கள். மனத்திலும் தளிர் விடும்.