காரைக்கு ஏடு எதற்கு?

பழைய கிரந்தங்களைப் புரட்டுவோரின் ஆராய்ச்சியால் கட்டட நிர்மாணத்துக்கு எள்ளளவும் பிரயோஜனமில்லை என்றும், ஆதலால் சர்வகலாசாலைகள் அதற்கு ஒதுக்கும் பணத்தைப் பொறியியலுக்கே திருப்பிவிட வேண்டும் என்றும் நண்பர் ஒருவர் வாதிக்கிறார். ரோமாபுரியாரின் துறைமுகச் சுவர்களை அவர் கருதிப் பார்க்கவில்லை போலும்.

இரும்புக் கம்பி இட்ட நம் காலத்துக் கான்கிரீட் உப்பு நீரில் சில பத்தாண்டுகளிலேயே அரிபடக்கூடியதாயிருக்க, அச்சுவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்திருப்பதன் காரணத்தை விசாரித்தவர்கள், சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்த காரையை ரோமானியக் கட்டடச் சிற்பி விட்ருவியஸ் வருணித்திருப்பதையும், அது கடலில் நாளுக்கு நாள் வலுக்கும் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருப்பதையும் அறிந்தே பரீக்ஷையில் இறங்கினார்கள். கடல்நீர் உட்புகுந்து புதிய படிகங்களை விளைவிப்பதைக் காட்டிய அவர்களது 2017-ஆம் ஆண்டு ஆய்வு, பிளினியின் வாக்கை மெய்ப்பித்தது. ஏட்டில் சகலமும் உண்டு என்பது என் கட்சியன்று. விட்ருவியஸ் நீற்றிய சுண்ணாம்பையே சொல்லியிருக்க, ரோமாபுரியார் காரையில் நீறாத சுண்ணாம்பும் கலந்ததாக 2023-இல் வேறொரு குழு நிறுவியது. ஆயினும் அந்த முரண்பாடு தென்படுவதற்கும் ஏட்டைப் படித்தவன் ஒருவன் வேண்டுமல்லவா?

கட்டடச் சிற்பிக்குச் சரித்திரம், தத்துவம், சட்டம், சங்கீதம் ஆகியவையும் தெரிந்திருக்க வேண்டுமென்று தம் நூலின் முதற் புத்தகத்திலேயே கல்வித்திட்டம் வகுத்தவரும் விட்ருவியஸே. (சங்கீதம் எதற்கென்று நண்பர் நகைக்க வேண்டாம், கவண் பொறியின் கயிறுகள் சமமாக முறுக்கேறினவா என்று ஒலியைக் கேட்டே தேர்ந்தார்கள்.) பணத்தைத் திருப்புமுன் நண்பர் அப்புத்தகத்தை ஒருமுறை வாசிக்கட்டும்.