சாவி யார் கையில்?

2015 பிப்ரவரியில் 'தி இன்டர்செப்ட்' இணைய இதழ் ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டது. சிம் கார்டு தயாரிப்பில் முன்னணியில் இருந்த ஜெமால்டோ நிறுவனத்தின் கணினிகளுக்குள் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் புகுந்து, சிம் கார்டுகளின் ரகசியச் சாவிகளைத் திருடின என்பதே அது. எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களே ஆதாரம். 2010, 2011-இல் ஊடுருவல் நடந்திருக்கலாம் என ஒப்புக்கொண்ட நிறுவனம், பெருமளவு திருட்டை மறுத்தது.

நமது செல்போனுக்கும் டவருக்கும் இடையே காற்றில் செல்லும் பேச்சைப் பூட்டுவது அந்தச் சாவிதான். அது சிம்மில் எழுதப்படுகிறது. அதன் நகல் தொலைபேசி நிறுவனத்துக்கு அனுப்பப்படுகிறது. பூட்டை உடைக்க வேண்டியதில்லை. வழியில் சாவியைக் கவர்ந்தால் போதும்.

அப்படியானால், எங்குமே எழுதி வைக்காத சாவி சாத்தியமா? சாத்தியம்தான். ஒரே தொழிற்சாலையில், ஒரே வரைபடத்தில் செய்த சிப்புகள்கூட நுண்ணிய அளவில் ஒன்றுபோல் இருப்பதில்லை. மனிதரின் கைரேகை போல. மின்சாரம் பாய்ந்ததும் சிப்பின் ஒவ்வொரு நினைவகச் செல்லும் 0 அல்லது 1 என ஒரு பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வின் வரிசை சிப்புக்குச் சிப்பு மாறும். வெப்பத்தால் நேரும் சிறு பிழைகளைக் கணக்கால் திருத்திச் சாவியை எடுக்கிறார்கள். மின்சாரம் நின்றால் சாவியும் மறைந்துவிடும். இதிலிருந்து பொதுச் சாவி ஒன்றை மட்டும் உருவாக்கி வெளியே தந்தால் போதும். ரகசியம் சிப்பைவிட்டு நகராது. 2002-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் முன்வைத்த இந்தக் கருத்து, இன்று சில பாதுகாப்பு சிப்புகளில் பயன்பாட்டில் உள்ளது.

இதுவும் முழுமையான அரண் அல்ல. இவ்வகைச் சிப்புகள் சிலவற்றின் நடத்தையைக் கணினிக்குக் கற்பித்து, ஆய்வாளர்கள் முன்கூட்டியே கணித்துக் காட்டியுள்ளனர்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. தொழுகை நேரம் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலி, பயனர்களின் இருப்பிடத் தகவலை ஒரு தரவு நிறுவனத்துக்குத் தந்ததாகவும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்ததாகவும் 2020 நவம்பரில் செய்தி வெளியானது. செயலி நிறுவனம் உடனே அந்த உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. அங்கே யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. 'அனுமதி' பொத்தானை அழுத்தியது நம் விரல்தான்.

பிறர் நம்மிடம் நம்பிச் சொன்ன செய்தி அமானிதம். அதைக் காக்க நல்ல சிப்பைப் பொறியாளர்கள் செய்யட்டும். எந்தச் செயலிக்கு இருப்பிடம், தொடர்பு எண்கள், மைக் ஆகியவற்றைத் திறந்து விட்டிருக்கிறோம் என்பதை இன்றிரவே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பது நம் பொறுப்பு.